ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள்: ஒரு மென்பொருளின் ஆவணங்களைச் சீர்ப்படுத்திய அனுபவம்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த நிரலாளர் ஒருவர், நிறுவும் முறையை விளக்கும் பக்கத்திலிருந்து ஒரு கட்டளையை அப்படியே நகலெடுத்துத் தம் கணினியில் ஒட்டினார். கணினி அதை ஏற்கவில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தும் பிழை தெரியவில்லை. அரை நாள் கழிந்த பிறகே காரணம் பிடிபட்டது. அந்தப் பக்கம் முதலில் ஒரு சொற்செயலியில் எழுதப்பட்டு, பின்னர் ரெப்போவுக்கு, அதாவது எங்கள் மூலநிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் சேமிப்பிடத்துக்கு, மாற்றப்பட்டது. கட்டளையில் அடுத்தடுத்து வர வேண்டிய இரண்டு சிறு கோடுகளைச் சொற்செயலி தானாகவே ஒரே நீள்கோடாக மாற்றியிருந்தது; நேரான மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக்கியிருந்தது. நம் கண்ணுக்கு இவை ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றினாலும் கணினிக்கு முற்றிலும் வேறு குறிகள். அந்தப் பக்கத்தை எழுதியவன் நான். ஆவணங்கள் அனைத்தையும் சீர்ப்படுத்தும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டதற்கு அதுவே காரணம்.

ஆவணங்கள் மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தன. மூலநிரலோடு சேர்ந்து, தலைப்பு, பட்டியல் போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் மார்க்டவுன் கோப்புகளாகச் சில இருந்தன. குழுவின் விக்கியில் சில இருந்தன. பகிர்வுக் கோப்புறையில் சொற்செயலிக் கோப்புகளாகச் சில கிடந்தன. எல்லாவற்றையும் ரெப்போவுக்குள் கொண்டுவந்த பின், இரண்டு வாரம் எதையும் திருத்தாமல் வாசித்துக் குறிப்பெடுத்தேன். வாசிக்கும்போதே திருத்தத் தோன்றும். ஆனால் விதிகளை முடிவு செய்யும் முன் கைவைத்திருந்தால், முதல் சில பக்கங்கள் ஒரு விதமாகவும் பின்வந்தவை வேறு விதமாகவும் அமைந்து, சீர்ப்படுத்தும் வேலையே புதிய சீரின்மைக்கு வழிவகுத்திருக்கும்.

அந்த வாசிப்பில் வெளிப்பட்ட பெரிய குறை வடிவமைப்பில் இல்லை, சொல்லில் இருந்தது. பயனர் தம் கோப்புகளை வைத்து வேலை செய்யும் இடத்தைத் திரை ‘வொர்க்ஸ்பேஸ்’ என்று காட்டியது. பழைய பக்கங்கள் ‘ப்ராஜெக்ட்’ என்றன. நிரலாளர்கள் எழுதிய பக்கங்கள் ‘ஸ்பேஸ்’ என்று சுருக்கின. மூன்றும் ஒன்றே என்பது உள்ளே இருக்கும் எங்களுக்குத் தெரியும். வெளியே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? உதவி கேட்டு வந்த கடிதங்களைப் புரட்டியபோது ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: “ப்ராஜெக்டை நீக்கினால் வொர்க்ஸ்பேஸ் அப்படியே இருக்குமா?” நீக்கினால் மீட்க முடியாத ஒன்றைப் பற்றிய கேள்வி அது. அவர் கேட்டதால் பிழைத்தார். கேட்காமல் நீக்கியவர்களும் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் என்னை வெகுநாள் உறுத்தியது.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக்கூடாது என்று கட்டுரை எழுதும்போது நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். தமிழ் இலக்கண மரபு நூற்குற்றங்கள் பத்தில் ‘கூறியது கூறல்’ என்பதையும் ஒன்றாக வைக்கிறது. ஆனால் அது சொன்ன கருத்தையே மீண்டும் சொல்லும் குற்றம். ஒரு பொருளை ஒவ்வொரு முறையும் அதே பெயரால் சுட்டுவது அதில் அடங்காது. பெயரை மாற்றிமாற்றிச் சொல்லி, ஒன்றா இரண்டா என்று வாசகரைத் தடுமாறவிடுவதுதான் அதே பட்டியலில் உள்ள ‘மயங்க வைத்தல்’ என்ற குற்றத்துக்கு நெருக்கமானது. தொழில்நுட்ப ஆவணத்தில் சொல் மாறினால் பொருள் மாறிவிட்டது என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். அவர் அப்படி எடுத்துக்கொள்வதுதான் முறை.

எந்தப் பெயரை நிலைநிறுத்துவது என்ற பேச்சு இரண்டு கூட்டங்களுக்கு நீண்டது. திரையில் பயனர் காண்பது எதுவோ அதுவே ஆவணத்திலும் பெயர் என்ற விதியைக் கடைசியில் ஏற்றுக்கொண்டோம். மற்ற நிரல்கள் எங்கள் மென்பொருளோடு பேசும் இடைமுகமான ஏபிஐயில் உள்ள பழைய பெயரை மாற்ற முடியவில்லை; மாற்றினால் அதை நம்பி மற்றவர்கள் எழுதிய நிரல்கள் உடைந்துவிடும். ஆகவே சொற்பட்டியல் என்று ஒரு தனிப் பக்கம் தொடங்கி, வொர்க்ஸ்பேஸ் என்பதன் விளக்கத்தையும், ஏபிஐயில் இது ப்ராஜெக்ட் என்ற பெயரில் வரும் என்ற குறிப்பையும், ஸ்பேஸ் என்று எழுதக் கூடாது என்ற விலக்கையும் அதில் எழுதினோம். இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன. இந்த முயற்சி முழுவதிலும் அதிகப் பயன் தந்தது இந்த ஒரு பக்கம்தான் என்று எண்ணுகிறேன்.

அடுத்து வந்தது ‘வேண்டும்’ என்ற சொல். இந்த மதிப்பை இப்படி அமைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் சொன்னால், அமைக்காவிட்டால் மென்பொருள் இயங்காதா, இயங்கும் ஆனால் நல்லதல்லவா என்பது தெரிவதில்லை. இணைய நெறிமுறைகளை எழுதுவோர் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்து, 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தில், எந்தச் சொல் கட்டாயத்தையும், எது பரிந்துரையையும், எது விருப்பத்தையும் குறிக்கும் என்று வரையறுத்திருக்கிறார்கள். அதே வழியில் நாங்களும் மூன்று சொற்களை வகுத்துக்கொண்டு, அமைப்புகளைப் பற்றிய பக்கத்தை வரிவரியாக எடுத்து, “இது கட்டாயமா, பரிந்துரையா?” என்று உரிய நிரலாளர்களிடம் கேட்டேன். நான் எதிர்பாராதது என்னவென்றால், பல வரிகளுக்கு யாரிடமும் விடை இல்லை. மூலநிரலைத் திறந்து, அந்த மதிப்பு இல்லாதபோது என்ன நடக்கிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது. சொல்லைச் சீராக்கப் போன இடத்தில், எங்கள் அறிவில் இருந்த ஓட்டைகள் வெளிச்சத்துக்கு வந்தன.

வடிவமைப்புக்கு வருகிறேன். ஜான் க்ரூபர் 2004-இல் வெளியிட்ட மார்க்டவுன் எளிமையானது. ஆனால் பல நுணுக்கங்களை அது தெளிவாக வரையறுக்காமல் விட்டதால், ஒரே கோப்பு ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு விதமாகத் தெரியலாம். அந்தத் தெளிவின்மையைப் போக்கவே 2014-இல் காமன்மார்க் என்ற வரையறை உருவானது. எங்கள் நிறுவும் பக்கத்தில் ஏழு படிகள் இருந்தன. கருவி தானே எண்ணிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் ஒவ்வொரு படிக்கும் 1 என்றே எண் இட்டிருந்தோம். படிகளுக்கு இடையே வரும் கட்டளைப் பெட்டிகளை உள்தள்ளாமல் இடது ஓரத்திலிருந்தே தொடங்கியிருந்ததால், ஒவ்வொரு பெட்டியும் பட்டியலை அங்கேயே முடித்துவிட்டது. ஏழு படிகளும் ஏழு தனிப் பட்டியல்களாகி, எல்லாமே 1 என்று காட்சியளித்தன. ‘படி 4-ஐப் பார்க்கவும்’ என்று கீழே எழுதியிருந்தது, ஆனால் நான்காம் படி என்று ஒன்று அந்தப் பக்கத்திலேயே இல்லை. பட்டியலுக்குள் வரும் எதுவும் நான்கு இடைவெளி உள்தள்ளியே இருக்கும் என்ற விதியால் அது தீர்ந்தது. தேதிகளை ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் சொல்வதுபோல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது போன்ற மற்ற விதிகளில் விவாதம் எழவில்லை.

ஒரு விதியை மட்டும் பலர் எதிர்த்தார்கள்: ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். மார்க்டவுனில் பத்திக்குள் வரும் ஒற்றை வரி முறிவு பொதுவாக வெறும் இடைவெளியாகவே காட்டப்படுவதால், வாசகருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் ரெப்போவின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவி அவற்றை வரிவரியாகக் காட்டுகிறது. ஒரு பத்தி முழுவதும் ஒரே நீண்ட வரியாக இருந்தால், ஒரு சொல்லைத் திருத்தினாலும் பத்தி முழுவதும் மாறியதாகவே காட்டும். சரிபார்ப்பவர் சோர்ந்துபோய் ஒப்புதல் தந்துவிடுவார். யுனிக்ஸ் இயங்குதளம் உள்ள கணினிகளில் ஆவணம் எழுதுவோருக்கு, கணினி அறிஞர் பிரையன் கெர்னிகன் 1970-களிலேயே இந்தப் பழக்கத்தைப் பரிந்துரைத்திருக்கிறார். எதிர்த்தவர்களிடம் ஒரே திருத்தத்தை இரண்டு விதமாகவும் செய்து, அருகருகே திறந்து காட்டினேன். அதற்கு மேல் யாரும் மறுக்கவில்லை.

இடையில் நான் செய்த தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். முதல் கோப்புறையில் இருந்த கோப்புகளை இடம் மாற்றியதோடு, அதே கமிட்டில், அதாவது கிட்டில் ஒரே தொகுப்பாகப் பதிவாகும் மாற்றத்தில், உள்ளடக்கத்தையும் பெருமளவு திருத்தி எழுதினேன். ஒரு கோப்பு பெயர் மாறியது என்ற செய்தியை கிட் சேமித்து வைப்பதில்லை. பழையதற்கும் புதியதற்கும் உள்ள ஒற்றுமையைக் கணக்கிட்டு, பாதிக்கு மேல் ஒத்திருந்தால் அதை ஊகிக்கிறது. நான் அதற்கும் மேலாக மாற்றியிருந்ததால், பழைய கோப்புகள் அழிக்கப்பட்டதாகவும் புதியவை பிறந்ததாகவும் வரலாறு பதிவாகி, ஒரு வரியை யார், எப்போது, ஏன் எழுதினார் என்ற தொடர்ச்சி அறுந்துவிட்டது. அந்தக் கமிட்டை விலக்கிவிட்டு மறுபடி தொடங்கினேன். இடமாற்றம் ஒரு கமிட், வடிவமைப்பு அடுத்த கமிட், உள்ளடக்கம் மூன்றாவது என்று பிரித்த பிறகு, தம் எழுத்தில் நான் எதை மாற்றினேன் என்று கவலைப்பட்ட மூத்த நிரலாளருக்கும் மூன்றாவதை மட்டும் காட்டினால் போதுமானதாயிற்று.

விதிகளை எழுதி வைத்தால் மட்டும் அவை நிலைக்கவில்லை. அதனால் வேல் என்ற சரிபார்ப்புக் கருவியில் எங்கள் சொற்பட்டியலை ஏற்றி, ஆவணத்தில் திருத்தம் வரும்போதெல்லாம் அது தானாக ஓடும்படி அமைத்தோம். முதல் ஓட்டத்தில், ஆயத்தமாகக் கிடைத்த நடை விதிகள் அனைத்தையும் நான் சேர்த்திருந்ததால் எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் கொட்டின. ஒரு வாரத்துக்குள் எல்லோரும் அவற்றைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினேன். விலக்கிய சொல் வந்தால் திருத்தம் ஏற்கப்படாது. மற்றவை வெறும் குறிப்பாகவே தோன்றும். நிறுவும் பக்கத்தில் உள்ள கட்டளைகளை மட்டும் பிரித்தெடுத்து, எதுவும் நிறுவப்படாத ஒரு கண்டெய்னரில் (கணினிக்குள் தனித்து இயங்கும் சூழலில்) ஒவ்வொரு இரவும் ஓட்டும் சிறு நிரல் ஒன்றையும் எழுதினேன். மூன்றாவது வாரத்திலேயே, நாங்கள் சார்ந்திருந்த ஒரு நிரல் நூலகத்தின் (பிறர் எழுதிய ஆயத்த நிரல்தொகுப்பின்) புதிய பதிப்பில் ஒரு விருப்பத்தேர்வு நீக்கப்பட்டதை அது காட்டிக்கொடுத்தது. பயனர் யாரும் அந்தப் பிழையைச் சந்திக்கும் முன்பே பக்கம் திருத்தப்பட்டது.

எஞ்சியிருப்பவை திரைப்படிமங்கள். எழுத்தில் சொல்லைத் தேடி மாற்றிவிடலாம். படத்துக்குள் பொத்தானின் மேல் உள்ள பழைய பெயரை எந்தக் கருவியும் எங்களுக்குத் தேடித் தரவில்லை. ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்து, எழுத்தாலேயே விளக்கிவிடக்கூடியவற்றை நீக்கினோம். தேவையானவற்றைப் புதிதாக எடுத்து, படம் தெரியாதவர்களுக்கான மாற்று உரையும் சேர்த்து வருகிறோம். பதினொன்று பாக்கி. நீக்கும் உறுதிப்பாட்டுப் பெட்டியின் படத்தை அதில் முதலாவதாக வைத்திருக்கிறேன். அதில் இன்னும் ‘ப்ராஜெக்ட்’ என்றே இருக்கிறது.