ஆள் இறங்கிய படகு

கேமராவின் கண்ணாடியில் உப்பு படிந்திருந்தது. கோளாறு அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் எங்கள் பட்டறை வாசலில் அந்த ஆளில்லாப் படகைக் கட்டி வைத்திருந்தோம். ஒன்பது மீட்டர் நீளம், அலுமினிய உடல். கரையில் இருக்கும் திரையில் படம் மங்கலாக வந்தது. நான் கேபிளைச் சந்தேகித்தேன். மென்பொருள் பார்க்கும் இளைஞன் தன் மடிக்கணினியைச் சந்தேகித்தான். இணைப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினோம். எங்கள் மேஸ்திரி கையில் தேநீரோடு வந்தார், படகில் இறங்கினார், சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். படம் பளிச்சென்று தெரிந்தது.

"தம்பி, கடலில் இதை யார் துடைப்பது?" என்று கேட்டார்.

அவருடைய தமிழ் அளவானது. கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். நான்கு தலைமுறைக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியிருப்பவை சமையலறைச் சொற்களும், மாரியம்மன் கோயில் சொற்களும், உறவுமுறைகளும். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். நடுவில் வருவதெல்லாம் ஆங்கிலம். ஆனால் முக்கியமான கேள்விகளைத் தமிழில்தான் கேட்பார். கேலிக்கும் அதே மொழிதான்.

நான் தூத்துக்குடிக்காரன். அப்பா தோணியில் போனவர். எனக்கு வாய்த்தது கப்பல்களுக்கு மின்சார, மின்னணுச் சாதனங்கள் பொருத்தும் வேலை. ரோந்துப் படகு, இழுவைப் படகு என்று எது வந்தாலும் செய்வோம். போர்க்கப்பலைச் சித்தப்படுத்துவது என்றால் ஊரில் எல்லோரும் பீரங்கியையும் ஏவுகணையையும்தான் நினைக்கிறார்கள். ஒரு விசேஷத்துக்குப் போனால் அதைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். பீரங்கி ஒரு நாள் கிரேனில் வரும், போல்ட் போட்டு இறுக்குவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு மாதக்கணக்கில் உயிரை வாங்குபவை எடை, மின்சாரம், சூடு, உப்பு ஆகிய நான்கும்தான். மேல்தளத்தில் ஒரு பெட்டியைப் புதிதாக வைத்தால் கப்பல் எவ்வளவு சாயும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டி கக்கும் சூட்டை வெளியேற்றக் குளிர்காற்று வேண்டும். குளிர்காற்றுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குக் கேபிள், கேபிளுக்கு மறுபடி எடை. சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்போம்.

இந்த நாட்டின் நான்கு ஃபிரிகேட் போர்க்கப்பல்களைப் பற்றிப் பேசும்போது அண்ணாவுக்கு முகம் மாறும். அமடோலா, இசான்டில்வானா, ஸ்பியோன்கோப், மெண்டி என்று பெயர்கள். உடலை ஜெர்மனியில் கட்டினார்கள். போர்ச் சாதனங்களை இங்கே சைமன்ஸ் டவுனில் பொருத்தினார்கள். 121 மீட்டர் நீளம். புகைபோக்கி கிடையாது. வெப்பம் தேடி வரும் ஏவுகணைக்குத் தடயம் குறையட்டும் என்று புகையை நீர்மட்டத்தருகே வெளியே விடுகிறார்கள். இரண்டு டீசல் எஞ்சின்கள் இரண்டு விசிறிகளைச் சுழற்றும். வேகம் வேண்டும்போது நடுவில் ஒரு வாயுச் சுழலி (கேஸ் டர்பைன்) நீரைப் பின்னால் பீய்ச்சித் தள்ளும். இதையெல்லாம் நான் வியந்து சொன்னால் அண்ணா காது கொடுக்க மாட்டார். அவருக்கு அந்தக் கப்பல்களில் பிடித்தது முன்தளத்தில் இருக்கும் 76 மி.மீ. பீரங்கி மட்டும்தான்.

காரணம் இருக்கிறது. அந்தப் பீரங்கிகள் புதியவை அல்ல. பழைய ஏவுகணைப் படகுகளிலிருந்து கழற்றிப் புதுப்பித்து மாட்டியவை. 1977இல் ஐ.நா. இந்த நாட்டுக்கு ஆயுதம் விற்கத் தடை போட்ட காலத்தில், மூன்று படகுகள் இஸ்ரேலின் ஹைஃபாவில் கட்டப்பட்டன, ஆறு டர்பனில். டர்பன் பட்டறையில் அப்போது கேபிள் இழுக்கும் பையனாக இருந்தவர் அண்ணா. அது நிறவெறி அரசின் கடற்படை. அந்தப் படகு யாரைக் காக்கக் கட்டப்படுகிறது என்று வீட்டில் அவருடைய மாமா கேட்பாராம். "வெள்ளிக்கிழமை சம்பளம் வந்தது, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நானும் மேலே கேட்கவில்லை.

அதே கப்பல்களில் இருக்கும் வான் எதிர்ப்பு ஏவுகணையின் பெயர் உம்கொண்டோ. இந்த நாட்டிலேயே செய்தது, செங்குத்தாக எழும்பிப் போகக்கூடியது. ஜூலு மொழியில் உம்கொண்டோ என்றால் ஈட்டி. "வேல் என்று சொல்லேன், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற எங்களுக்குப் புரியாதா?" என்பார் அண்ணா.

ரோந்துக் கப்பல் வேறு ஜாதி. ஃபிரிகேட்டுக்கு எதிரி வேண்டும், ரோந்துக் கப்பலுக்கு வேண்டியது பொறுமை. கேப் டவுனில் கட்டிய மூன்று புதிய கப்பல்களும் 62 மீட்டர் நீளம். அணியம், அதாவது முன்முனை, கோடரி வாய் போல நேராக இறங்கும். அலையின் மேல் ஏறி விழாமல் அதை அறுத்துக்கொண்டு போவதற்காக அப்படி. கிங் செகுகுனே, கிங் ஷாகா ஜூலு, ஆடம் கோக் ஆகிய மூன்று பெயர்களும் 1994க்குப் பிறகு அந்தப் பழைய ஏவுகணைப் படகுகளுக்குச் சூட்டிய பெயர்கள்தான். பீரங்கி ஒரு பக்கம் போயிற்று, பெயர் இன்னொரு பக்கம். ரோந்துக் கப்பலில் நான் முதலில் பார்ப்பது துப்பாக்கியை அல்ல, பின்தளத்துக் கிரேனைத்தான். சந்தேகத்துக்குரிய படகில் ஏறிச் சோதிக்கச் சிறு ரப்பர் படகை இறக்க வேண்டும், ஆடும் கடலில் அதைத் திரும்ப ஏற்ற வேண்டும். அந்தக் கிரேன் அசையாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் அலங்காரம். 2011இல் மொசாம்பிக் நீரிணையில் கடற்கொள்ளையருக்கு எதிராக இந்தக் கடற்படை ரோந்து போகத் தொடங்கியது. திரும்பிவரும் கப்பலில் எது தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் அது என்ன வேலை செய்தது என்று தெரிந்துவிடும்.

டர்பனில் கடற்படைக்கு இருக்கும் இடம் சாலிஸ்பரி தீவு. இன்று அது தீவு அல்ல, கரையோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு காலத்தில் நம்மவர்கள் அங்கே குடிசை போட்டு வலை இழுத்தார்கள். 1961இல் அங்கிருந்த பழைய கடற்படைக் கொட்டகைகளில் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி தொடங்கினார்கள். மாணவர்கள் படகேறிப் போய்ப் படித்துத் திரும்பினார்கள். அடுத்த பத்தாண்டில் அதே இடத்தில் இந்தியர்களுக்கென்று கடற்படைப் பயிற்சித் தளம் வந்தது, பெயர் ஜல்சேனா. வலைக்காரன், மாணவன், சிப்பாய் என்று ஒரே மண்ணில் மூன்று வேடம். அந்தத் தீவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். வேலைக்குச் சம்பந்தமில்லாததுதான்.

ஆளில்லாப் படகுக்கு வருகிறேன். துறைமுக வாயிலைச் சுற்றி ரோந்து போகும் சோதனைப் படகு என்று ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்தார். எனக்கு அது எளிதான வேலையாகத் தோன்றியது. மனிதன் இல்லை என்றால் இருக்கை இல்லை, கழிப்பறை இல்லை, குளிர்காற்று இல்லை, அவ்வளவு எடை மிச்சம். அந்த எடையில் பேட்டரியும் ரேடாரும் வைத்துவிடலாம் என்று தாளில் போட்ட கணக்கு அழகாகத்தான் இருந்தது.

முதல் அடி ரேடாரில் விழுந்தது. ரேடார் எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதற்கு நாங்கள் மனக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறோம். ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2ஆல் பெருக்கினால் அடிவானம் கடல் மைலில் வரும். 25 மீட்டர் உயரத்தில் வைத்தால் 11 மைல். எங்கள் படகில் வைக்க முடிந்தது இரண்டேகால் மீட்டரில், ஆகவே 3.3 மைல். எதிரே 35 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 35 கடல் மைலில், ஒரு படகு தாழ்வாக வந்தால் ஆறு நிமிடம்கூட இல்லை. கம்பத்தை உயர்த்தலாமே என்றான் மென்பொருள் இளைஞன். உயர்த்தினால் படகு ஆடும், படகு ஆடினால் ரேடார் வானத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்க்கும். அதிலும் இது டர்பன் கடல். அகுல்லாஸ் நீரோட்டம் தெற்கே ஓட, தென்மேற்கிலிருந்து காற்று எதிர்த்து அடித்தால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக எழும்பும். எங்கள் ஊரில் நீரோட்டத்துக்கு நீவாடு என்று பெயர்; இதைக் காற்றும் நீவாடும் எதிரெதிர் என்பார்கள். திரை முழுக்க அலைகளின் எதிரொலி. அதற்குள் ஒரு மீன்பிடிப் படகைக் கண்டுபிடிப்பது அரிசியில் கல் பொறுக்குகிற வேலை.

இரண்டாவது அடி என் கையால் வந்தது. விரிகுடாவுக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதுகாப்புக்காக நானும் அண்ணாவும் பின்னால் ஒரு படகில் போனோம். கரையிலிருந்து நெடுந்தூர ரேடியோவைச் சோதிக்க ஒரு சைகை அனுப்பச் சொன்னார்கள். படகின் ரேடியோ பதில் சொன்ன அதே கணத்தில் சுக்கான் இடப்பக்கம் வெட்டித் திரும்பியது. படகு நேராகக் கப்பல்துறைச் சுவரைப் பார்த்து நகர்ந்தது. ரேடியோ நின்றதும் சுக்கான் நேரானது. அவசர நிறுத்தத்தை அழுத்தி, கயிறு போட்டு இழுத்து வந்தோம்.

காரணம் அன்று இரவே தெரிந்தது. எடையை மிச்சம் பிடிக்க, சுக்கானின் கோணத்தைச் சொல்லும் மெல்லிய கேபிளையும் ரேடியோவின் ஆண்டெனா கேபிளையும் ஒரே தட்டில் ஓடவிட்டிருந்தேன். ரேடியோ பேசும்போது அதன் அலை பக்கத்துக் கேபிளில் ஏறி, சுக்கான் வலப்பக்கம் திரும்பிவிட்டதாகப் பொய் சொன்னது. தானியங்கி அதை நம்பி இடப்பக்கம் திருப்பியது. கேபிள்களைப் பிரித்து, உறையைச் சரியாகத் தரையிணைப்பு செய்து, இந்த இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்கள் மாட்டிய பிறகு சரியானது.

என்னைத் தூங்கவிடாதது வேறு. அதே தட்டு முறையில் நான் ஆட்கள் ஓட்டும் ரோந்துப் படகுகளுக்கும் ஆண்டுக்கணக்கில் கேபிள் போட்டிருக்கிறேன். ஒரு புகார்கூட வந்ததில்லை. மறுநாள் அவற்றில் ஒன்றின் ஓட்டுநரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "ஆமாம், ரேடியோவில் பேசும்போது கொஞ்சம் இழுக்கும். சக்கரத்தைப் பிடித்துக்கொள்வோம்" என்றார், மழை பெய்தால் நனையும் என்று சொல்வதுபோல. என் தவற்றை அவருடைய கை இத்தனை நாள் மறைத்து வைத்திருக்கிறது.

அதன்பிறகு ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, படகில் ஆள் என்னென்ன செய்கிறான் என்று எழுத ஆரம்பித்தேன். பம்பின் சத்தம் மாறினால் தலையைத் திருப்புகிறான். வயர் கருகும் வாசனையை மூக்கு பிடிக்கிறது. மிதக்கும் கயிறு விசிறியில் சிக்குமுன் கண் பார்க்கிறது. காலடியில் அதிர்வு கூடினால் வேகத்தைக் குறைக்கிறான். சம்பளப் பட்டியலில் இவற்றில் ஒன்றும் இல்லை. ஆளை இறக்கிவிட்டபின் ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார் வேண்டியிருந்தது. ஒவ்வொரு சென்சாரும் உப்பில் கெட்டுப்போகும். கப்பல்கள் மோதாமல் தடுக்கும் 1972ஆம் ஆண்டு சர்வதேச விதிகளில் ஐந்தாவது விதி, எல்லாக் கலங்களும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கிடைத்த மற்ற எல்லா வழிகளாலும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. அந்த விதியைச் சிறு வயதில் மனப்பாடம் செய்திருக்கிறேன். காது என்ற சொல்லை இப்போதுதான் நின்று படித்தேன். படகில் ஒலிவாங்கி வைத்தோம். காற்றின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இன்னும் அதோடுதான் போராடுகிறோம்.

கருங்கடலில் நடந்ததைக் காட்டி, ஆளில்லாப் படகு வென்றுவிட்டது என்கிறார்கள். 2024 பிப்ரவரியில் உக்ரைனின் ஐந்தரை மீட்டர் மகுரா படகுகள் ரஷ்யாவின் இவானோவெட்ஸ் என்ற ஏவுகணைக் கப்பலை மூழ்கடித்தன. மார்ச்சில் செர்கெய் கோட்டோவ் என்ற ரோந்துக் கப்பலும் போயிற்று. இவானோவெட்ஸ் மூழ்கிய காணொலியை அண்ணாவுக்குக் காட்டியபோது, "இது நாங்கள் கட்டினோமே, அந்த ஜாதிக் கப்பல்" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அவை திரும்பி வர வேண்டாத படகுகள். கண்ணாடியில் உப்பு படிந்தால் என்ன, பம்ப் நாளை நின்றால் என்ன? ஒரே ஒரு பயணம் தாங்கினால் போதும். தினமும் போய்த் தினமும் திரும்பி வர வேண்டிய ரோந்துப் படகுக்கு அந்தச் சலுகை இல்லை. தாக்கும் படகைவிடக் காவல் காக்கும் படகைச் செய்வதுதான் கடினம் என்பேன். இதில் பட்டறையிலேயே என்னோடு ஒத்துப்போகாதவர்கள் உண்டு.

அதே ஆண்டு ஜூனில் செங்கடலில் டியூட்டர் என்ற சரக்குக் கப்பலை யேமனின் ஹூதி போராளிகளின் ஆளில்லாப் படகு ஒன்று தாக்கியது. அந்தக் கப்பல் பிறகு மூழ்கியது. தாக்க வந்த படகில் மீனவர்களைப் போல இரண்டு பொம்மைகள் உட்கார்ந்திருந்ததைக் காணொலியில் பார்த்தோம். ஆளை இறக்கிவிட்டு, ஆள் இருப்பதாகக் காட்டப் பொம்மை வைத்திருக்கிறார்கள். செங்கடலை விட்டு விலகிய கப்பல்கள் அந்த மாதங்களில் எங்கள் கடல் வழியாகத்தான் சுற்றிக்கொண்டு போயின.

கேமராவுக்கு வழி செய்தோம். சிறு துடைப்பான், அதற்கொரு மோட்டார், நல்ல தண்ணீர் பீய்ச்ச ஒரு பம்ப், இருபது லிட்டர் பிளாஸ்டிக் கலன், ஒரு குழாய், ஒரு சுவிட்ச். நான் மிச்சம் பிடித்த எடையில் பாதி அதிலேயே போயிற்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடி தானே கழுவிக்கொள்கிறது. கரையில் திரை முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மகிழ்ச்சி.

காலையில் படகை அவிழ்க்குமுன் அந்தக் கலனில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதை அண்ணா செய்கிறார். கையில் பச்சை நிற வாளியோடு இறங்குவார். ஊற்றி முடித்ததும் பழக்கதோஷத்தில் கண்ணாடியைச் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்.