அப்பாவின் உடலை மருத்துவக் கல்லூரியில் ஒப்படைத்த அனுபவம்

உடல் தானம் செய்ய நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். படிவத்தில் நாம் போடும் கையெழுத்து நம் விருப்பத்தைத்தான் சொல்கிறது. நாம் போன பிறகு வீட்டில் இருப்பவர்கள் சம்மதித்தால்தான் கல்லூரி உடலை வாங்கிக்கொள்ளும். மனைவியோ பிள்ளையோ வேண்டாம் என்று நின்றுவிட்டால் அதோடு சரி. அப்பாவுக்கு இது தெரிந்திருந்தது. அதனால் படிவம் வாங்குவதற்கு முன்பே எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டார்.

நாங்கள் வடலூர். அப்பா என்.எல்.சி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காகச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். 1985ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று தொடங்கியது, 2021ல் சுகாதாரத் துறையின் கீழ் வந்து கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்றைக்கும் அது 'ராஜா முத்தையா'தான்.

படிக்கிற பிள்ளைகள் இருக்கும் ஆஸ்பத்திரி என்பதால் காலையில் பேராசிரியர் ரவுண்ட்ஸ் வரும்போது பின்னால் ஒரு கூட்டமே வரும். ஒருநாள் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், அப்பாவின் வயிற்றில் கை வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டது. "நல்லா அழுத்திப் பாரும்மா, அப்பதான தெரியும்" என்றார். இதையெல்லாம் எங்கே பழகுகிறீர்கள் என்று அவர் கேட்க, முதல் வருஷம் உடற்கூறியல் வகுப்பில், யாரோ கொடுத்த உடலை வைத்துத்தான் என்று அந்தப் பெண் சொன்னது. டிஸ்சார்ஜ் ஆன கையோடு அந்தத் துறைக்குப் போய் விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அம்மா இரண்டு நாள் பேசவில்லை, பிறகு ஒத்துக்கொண்டார். பெரியப்பாதான் பெரிய சிக்கல். அவர் சன்மார்க்கி, வள்ளலார் வழியில் நடப்பவர். 1867ல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில், அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிற இடத்தில், வந்தவர்களுக்குச் சாதம் பரிமாறுகிறவர். இறந்தவரைச் சுடக் கூடாது, புதைக்க வேண்டும் என்பது வள்ளலார் சொன்னது.

"சுடாதேன்னுதான் சொன்னாரு. வெட்டலாம்னு எங்கடா சொன்னாரு?"

"சீவகாருண்யம்னு சொன்னாரே அண்ணே. அந்தப் புள்ளைங்க கை தவறாம நாளைக்கு ஒரு உசுரக் காப்பாத்துனா அது சீவகாருண்யம் இல்லியா?"

பெரியப்பா பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். ஆனால் குறுக்கே நிற்க மாட்டேன் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

படிவம் சிரமமே இல்லை. போட்டோ, ஆதார் நகல், இரண்டு சாட்சிகள், வாரிசுகளின் கையெழுத்து. அப்பா அதை லேமினேட் செய்து, துறையின் தொலைபேசி எண்ணைப் பின்னால் ஒட்டி, பீரோ கதவின் உள்பக்கம் மாட்டிவைத்தார்.

அவர் போனது வீட்டில், விடியற்காலையில். முதலில் கண். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தினோம். கருவிழி காய்ந்துவிடக் கூடாது என்பதால் மின்விசிறியை நிறுத்தினேன். வந்தவர்கள் புழுக்கம் தாங்காமல் போடுவார்கள், நான் போய் நிறுத்துவேன். கடைசியில் அம்மா எழுந்து சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள் அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டார்கள். முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. கண் கொடுத்தால் உடலை வாங்க மாட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது தவறு. மூளைச்சாவுக்குப் பிறகு சிறுநீரகம், கல்லீரல் என்று எடுத்த உடல் என்றால்தான் பெரும்பாலும் வாங்குவதில்லை. அது உறுப்பு தானம். 2023ல் தமிழக அரசு அறிவித்த அரசு மரியாதையும் உறுப்பு தானத்துக்குத்தான்.

அடுத்தது, இயற்கை மரணம் என்று டாக்டர் கொடுக்கும் சான்று. வீட்டில் இறந்தால் இதுதான் பெரும்பாடு. பக்கத்தில் இருந்த ஒரு டாக்டர், தான் பார்க்காத நோயாளிக்கு எழுதித் தர முடியாது என்று மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரைக்கு வழக்கமாக மருந்து எழுதுகிறவர் நேரில் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கடைசி மருந்துச் சீட்டை எடுத்து வைத்திருங்கள், அந்த நேரத்தில் அது உதவும்.

வேன் கிளம்பும் முன்பே உடற்கூறியல் துறைக்குப் போன் செய்ய வேண்டும். விபத்தா, போஸ்ட்மார்ட்டம் செய்ததா, மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. போன்ற தொற்று உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். அப்படி ஏதாவது இருந்தால் வாங்குவதில்லை. நேரம் ஆக ஆக உடலைப் பதப்படுத்துவது கஷ்டம் என்பதால், வெளியூரிலிருந்து வர வேண்டிய சொந்தங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அத்தை மகனுக்கு அதில் இன்னும் வருத்தம்.

கிளம்பும் நேரத்தில் பெரியப்பா வந்தார். தம்பியின் நெற்றியில் விபூதி இட்டு, வள்ளலாரின் மகாமந்திரம் சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே வேனில் ஏறி உட்கார்ந்தார். சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போய்ச் சேரும்வரை அப்பாவின் கால்மாட்டிலிருந்து நகரவில்லை.

கல்லூரியில் மாலையையும் வேட்டியையும் எடுத்துக் கொடுத்தார்கள். அரைஞாண் கயிற்றை நானே அறுத்தேன். பதிவேட்டில் அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டதும் ரசீது எழுதினார்கள். தொடையில் ரத்தக்குழாய் வழியாக ஃபார்மலின் மருந்தைச் செலுத்துவோம், அது உடம்பு முழுக்கப் பரவும், மாணவர்கள் மேசைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்று அங்கிருந்த ஆசிரியை பொறுமையாகச் சொன்னார். உடலைத் திரும்பத் தர மாட்டோம், பிறகு வந்து பார்க்கவும் முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"பசங்ககிட்ட இவரு பேரச் சொல்லுவீங்களா?" என்று அம்மா கேட்டார்.

பெயர் சொல்ல மாட்டோம், எண் மட்டும்தான். ஆனால் முதல் வகுப்பில் உடலுக்கு முன்னால் நின்று மரியாதையோடு நடத்துவோம் என்று பிள்ளைகள் உறுதிமொழி எடுத்துக்கொண்ட பிறகுதான் கத்தி எடுப்பார்கள் என்றார். அம்மா தலையசைத்தார்.

பதினாறாம் நாள் சடங்கு எதுவும் வைக்கவில்லை. பெரியப்பா சொன்னபடி தருமச்சாலைக்கு அரிசி வாங்கிக் கொடுத்தோம்.

இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் அவகாசம் உண்டு. நாங்கள் போன அலுவலகத்தில் மயான ரசீது இல்லாமல் முடியாது என்றார்கள். புதைக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை, மயான ரசீதுக்கு எங்கே போவது? கல்லூரி ரசீதைக் காட்டினால், இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லையே என்றார் அந்த ஊழியர். மேலதிகாரியிடம் எடுத்துப் போனோம். டாக்டர் சான்றையும் ரசீதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு அவர் உடனே ஏற்றுக்கொண்டார். அம்மாவின் பென்ஷனுக்கும் வங்கிக்கும் அந்த இறப்புச் சான்றுதான் தேவைப்பட்டது. கல்லூரி ரசீதை எங்கே கேட்டாலும் நகலையே கொடுங்கள், அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.