பப்ளிக் டிஃபெண்டர் ஆபீஸ்ல இன்வெஸ்டிகேஷன் இன்டர்ன்ஷிப்: போக நினைக்கறவங்களுக்கு

லா ஸ்கூல் போகலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கற ரெண்டு மூணு தம்பி தங்கச்சிங்க இந்த இன்டர்ன்ஷிப் எப்படி இருக்கும், வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னு திரும்பத் திரும்ப கேக்கறாங்க, அதனால ஒரே இடத்துல எழுதிடறேன். நான் வாஷிங்டன் டிசில பப்ளிக் டிஃபெண்டர் சர்வீஸ்ல (வக்கீல் வெக்க காசு இல்லாத, குற்றம் சாட்டப்பட்டவங்களுக்கு வாதாடற ஆபீஸ்) ஒரு சம்மர் இன்வெஸ்டிகேஷன் இன்டர்னா இருந்தேன். இதுக்கு லா ஸ்டூடண்டா இருக்கணும்னு அவசியமே இல்ல, காலேஜ் பசங்களையும் எடுக்கறாங்க, எங்க பேட்ச்ல சைக்காலஜி, ஹிஸ்டரி, ஏன் டிராமா படிக்கறவங்க கூட இருந்தாங்க (சொல்லப்போனா அவங்கதான் எங்க எல்லாரையும் விட நல்லா பண்ணாங்க). ஏசி ரூம்ல உக்காந்து தீர்ப்பு படிச்சு நோட்ஸ் எடுக்கற வேலைன்னு நினைச்சு வந்தா ஏமாந்துடுவீங்க. வேலையோட முக்கால்வாசி, தெரியாதவங்க வீட்டு கதவ தட்டறது.

ஏன் இதுக்கு இவ்ளோ முக்கியத்துவம்னா, கிடியன் கேஸ எடுத்துக்கோங்க. காசு இல்லாதவங்களுக்கும் அரசாங்கமே வக்கீல் குடுக்கணும்னு 1963ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னது, சிவிக்ஸ் கிளாஸ்ல எல்லாரும் படிச்சிருப்பீங்க. ஆனா அதோட முதல் பாதிய மட்டும்தான் சொல்லித் தர்றாங்க. அந்த தீர்ப்பால கிளாரன்ஸ் கிடியன் நேரா வீட்டுக்கு போயிடல, ஃப்ளோரிடால பனாமா சிட்டில திரும்பவும் கேஸ் நடந்துச்சு. முதல் தடவ அவரே வாதாடி தோத்த அதே திருட்டு கேஸ். இந்த தடவ ஃப்ரெட் டர்னர்னு அந்த ஊர் வக்கீல் வந்தாரு, அவர் முக்கிய சாட்சிய பத்தி நல்லா விசாரிச்சு வெச்சிருந்தாரு, அன்னைக்கு கிடியன ஏத்திட்டு போன டாக்ஸி டிரைவர் கிட்ட கேக்க வேண்டிய கேள்வியும் அவருக்கு தெரிஞ்சிருந்தது. "என்னை ஏத்திட்டு போனத யார் கிட்டயும் சொல்லாதே"ன்னு கிடியன் சொன்னாராம், கேக்க தப்பா தானே இருக்கு? இதுக்கு முன்னாடியும் அவர் அப்படி சொல்லியிருக்காரா, எதுக்காம்னு டர்னர் கேட்டதும் டிரைவர் சொன்ன பதில், ஆமா, எப்பவும் சொல்லுவாரு, ஏதோ பொண்டாட்டி பிரச்சினைன்னு. ஜூரி ஒரு மணி நேரம் போல பேசிட்டு விடுதலை பண்ணிட்டாங்க. உரிமைய சுப்ரீம் கோர்ட் குடுத்துச்சு, ஆனா ஆள வெளிய கொண்டு வந்தது விவரம் தெரிஞ்சு கேட்ட கேள்விங்கதான்.

சரி, வக்கீலே போய் சாட்சிய பாக்க வேண்டியதுதானே, எதுக்கு இன்டர்ன்? இது எனக்கும் மொத வாரம் புரியல. வக்கீல் தனியா போய் ஒரு சாட்சி கிட்ட பேசறாங்கன்னு வெச்சுக்கோங்க, அந்த ஆள் "நான் முகத்த சரியா பாக்கவே இல்ல"ங்கறான், அப்புறம் கோர்ட்ல வந்து "நல்லா பாத்தேன், இவர்தான்"ங்கறான். அப்ப முன்னாடி வேற மாதிரி சொன்னான்னு நிரூபிக்க யாராவது கூண்டுல ஏறி சொல்லணும். தான் வாதாடற கேஸ்ல வக்கீலே சாட்சியா ஏற முடியாது, தொழில் விதி அப்படி. அதனாலதான் எங்கள அனுப்பறாங்க, அதுவும் எப்பவும் ரெண்டு ரெண்டு பேரா. நாளைக்கு தேவைப்பட்டா நீங்கதான் ஜட்ஜ் முன்னாடி போய் "அவர் என்கிட்ட இத சொன்னார்"னு சொல்லணும். இத மனசுல வெச்சுக்கிட்டா மத்த ரூல்ஸ் எல்லாம் ஏன் இருக்குன்னு தானா புரியும்.

கேஸ் கைக்கு வரும்போது பெருசா ஒண்ணும் இருக்காது, போலீஸ் ரிப்போர்ட்டும், எதுக்கு கைது பண்ணோம்னு போலீஸ்காரர் சத்தியம் பண்ணி எழுதற ஒரு சின்ன பேப்பரும்தான். இந்த பேப்பர டிசில எல்லாரும் கெர்ஸ்டீன்னு கூப்பிடுவாங்க, 1975ல வந்த ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்போட பேர். அத பத்து தடவ படிங்க, அதுல என்ன இருக்குங்கறத விட என்ன இல்லங்கறத பாருங்க. "சாட்சி ஒன்று எதிர் பக்கத்திலிருந்து பார்த்தார்"னு இருந்தா, எவ்ளோ தூரம், நடுவுல என்ன இருந்துச்சு, லைட் எரிஞ்சுதா, அவர் கண்ணாடி போடறவரா, எதுவும் இருக்காது. அதுதான் உங்க வேலை லிஸ்ட்.

சம்பவ இடத்துக்கு அதே கிழமை, அதே நேரம் போய் பாக்கணும், ராத்திரி பதினோரு மணி கேஸுக்கு மத்தியானம் போய் போட்டோ எடுத்துட்டு வந்தா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு எங்க ஸ்டாஃப் இன்வெஸ்டிகேட்டர் சொல்லிக் குடுத்தது, சம்பவம் ஜனவரில நடந்திருக்கும், நீங்க போறது ஜூன்ல, அப்ப தெருவுல உள்ள மரம் எல்லாம் இலை விட்டு பாக்கற வழியவே மறைச்சிருக்கும், ஜனவரில அது மொட்டையா நின்னுருக்கும். அந்த போட்டோவ அப்படியே காட்டினா ப்ராசிக்யூட்டர் (அரசு தரப்பு வக்கீல்) ரெண்டே கேள்வில உங்கள கவுத்துடுவாங்க. அதனால தூரத்த டேப் வெச்சு அளக்கணும், போட்டோ எடுத்த தேதி நேரம் குறிச்சுக்கணும், எது மாறியிருக்குன்னு மெமோல நேர்மையா எழுதணும்.

கடை கேமராவ மட்டும் தள்ளிப் போடாதீங்க. ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சா பழைய வீடியோ மேலயே புதுசு பதிவாயிடும், சில கடைல அது ஒரு வாரம் கூட தாங்காது. கேஸ் வந்த அன்னைக்கே கிளம்பிப் போய் கடைக்காரர் கிட்ட தன்மையா பேசி அத காப்பாத்தி வெக்க சொல்லிட்டு, அப்புறமா சப்பீனா (நம்ம ஊர் சம்மன்தான்) எடுத்துட்டு போகணும். பதினெட்டு வயசு ஆன, கேஸ்ல சம்பந்தப்பட்ட தரப்பா இல்லாத யார் வேணா சப்பீனா குடுக்கலாம், அதனால அதுவும் பெரும்பாலும் இன்டர்ன் தலைலதான் விழும்.

இப்ப கதவு தட்டறதுக்கு வருவோம். எங்க கேஸ் நிறைய அனகோஸ்டியா ஆத்துக்கு கிழக்க, வார்டு 7, வார்டு 8ல இருக்கும், மெட்ரோல க்ரீன் லைன், அப்புறம் பஸ், அப்புறம் நடை. கதவு திறந்ததும் நீங்க யாருன்னு சொல்லணும், யாரோட வக்கீலுக்காக வந்திருக்கீங்கன்னும் சொல்லணும். போலீஸ் மாதிரியோ கோர்ட் ஆள் மாதிரியோ ஒரு நொடி கூட நடிக்கக் கூடாது, அவங்களா அப்படி நினைச்சா கூட திருத்தணும். "ப்ராசிக்யூட்டர் கிட்ட பேசாதீங்க"ன்னும் சொல்லக் கூடாது. சாட்சி எந்த பக்கத்துக்கும் சொந்தம் இல்லன்னு 1966ல கிரெகரிங்கற கேஸ்ல டிசி அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு, அது ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தும். கூட குற்றம் சாட்டப்பட்ட இன்னொருத்தருக்கு தனி வக்கீல் இருந்தா அவர் பக்கமே போகக் கூடாது.

பத்து கதவுல ஆறு திறக்காது, திறக்கறதுல பாதி பேர் ஏதோ மதப் பிரசாரத்துக்கு வந்திருக்கோம்னு நினைச்சு சாத்திடுவாங்க. விட்டுடாதீங்க, சாயங்காலம் வேற நேரத்துல போங்க. ஸ்பானிஷ் தெரிஞ்சா கொண்டாடுவாங்க, அம்ஹாரிக் (எத்தியோப்பியா மொழி) தெரிஞ்சாலும் டிசில நல்ல மவுசு. தமிழுக்கு ஒரு கேஸ் கூட வரல, அது வேற விஷயம்.

பேச ஆரம்பிச்சதும் கேள்விப் பட்டியல நீட்டாதீங்க. "அன்னைக்கு காலைல இருந்து சொல்லுங்க"ன்னு விட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருக்கறதுதான் நான் கத்துக்கிட்டதுலயே கஷ்டமான வித்தை, ஏன்னா நாமெல்லாம் வைவால பதில் சொல்லிப் பழகின ஆளுங்க, மௌனம் வந்தா நிரப்பிடுவோம். அவங்க சொல்லி முடிச்சதும் அவங்க வார்த்தையிலயே கையால எழுதி, வாசிக்கக் குடுத்து, தப்பு இருந்தா அவங்களையே அடிச்சு திருத்தி இனிஷியல் போட சொல்லி, ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து வாங்கணும். "அவர் ஆத்திரமாக இருந்தார்"னு நீங்க அழகு படுத்தி எழுதினா போச்சு, அந்தம்மா சொன்னது "அவன் மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு"னா அதேதான் பேப்பர்லயும் இருக்கணும்.

சாட்சி நம்ம கிளையன்ட்டுக்கு எதிரா சொன்னா? அப்ப கையெழுத்து வாங்காம கேட்டுட்டு வந்து வக்கீலுக்கு மெமோ போடணும், எது எப்படி எழுதணும்னு போறதுக்கு முன்னாடியே வக்கீல் கிட்ட பேசி வெச்சுக்கணும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 1975ல நோபிள்ஸ்ங்கற கேஸ்ல டிஃபென்ஸ் (குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம்) இன்வெஸ்டிகேட்டர் சாட்சி சொல்ல வந்தா அவர் ரிப்போர்ட்ல அது சம்பந்தமான பகுதிய எதிர் பக்கத்துக்கு காட்டணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதனால மெமோல "எனக்கென்னமோ இந்த ஆள் பொய் சொல்றான்னு தோணுது" மாதிரி உங்க சொந்த அபிப்ராயத்த எழுதி வெக்காதீங்க, அத வக்கீல் கிட்ட நேர்ல சொல்லுங்க.

வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னு கேட்டீங்க. எங்கம்மா "ஏன்டி, திருடன் பக்கம் நிக்கவா டிசி வரைக்கும் போற"ன்னு ஆரம்பிச்சாங்க. இன்டர்வியூலயும் இதே கேள்விதான், கொஞ்சம் மரியாதையா வரும். மனப்பாடம் பண்ணின அரசியல் சாசன வசனம் ஒப்பிக்காதீங்க, தினமும் கேட்டு அவங்களுக்கே அலுத்துப் போயிருக்கும். எனக்கு வேலை செஞ்சப்புறம் தோணினது இதுதான், பெரும்பாலான கேஸ் விசாரணை வரைக்கும் போகாம ப்ளீலயே (குற்றத்த ஒத்துக்கிட்டு பேசி முடிக்கறது) முடியுது, அங்க உக்காந்து "ஒத்துக்கவா வேணாமா"ன்னு முடிவு பண்ற ஆளுக்கு எதிர் பக்கத்துல என்ன இருக்குன்னு உண்மையா தெரியணும், கெட்ட செய்தி கூட அவருக்கு உதவிதான். நான் கொண்டு வந்த தகவல்ல பாதி அந்த மாதிரிதான், ஒரு வக்கீலும் அதுக்கு முகம் சுளிச்சதில்ல.

ரகசியம் விஷயத்துல கறாரா இருப்பாங்க, ரூம் மேட் கிட்ட கூட கிளையன்ட் பேர் சொல்ல முடியாது, காலேஜ் கிரெடிட்டுக்கு ரிப்போர்ட் எழுதணும்னா எத எழுதலாம்னு முதல்லயே சூப்பர்வைசர கேட்டுடுங்க. கிளையன்ட்டோட கேஸ் பத்தி கூகுள்ல தேடி வம்பு பேசற பழக்கம் இருந்தா வேற இன்டர்ன்ஷிப் பாருங்க.

காசு: இந்த மாதிரி ஆபீஸ்ல பெரும்பாலும் சம்பளம் இருக்காது, டிசி வாடகை உங்களுக்கே தெரியும். உங்க காலேஜ்ல பொதுநல வேலைக்கு சம்மர் கிராண்ட் இருக்கான்னு பாத்துட்டு அதுக்கு முதல்ல அப்ளை பண்ணுங்க, அது கிடைக்கலன்னா உங்க ஊர் கவுண்டி பப்ளிக் டிஃபெண்டர் ஆபீஸுக்கே மெயில் போட்டு கேளுங்க, வீட்டுல இருந்து போயிட்டு வரலாம். கார் இருந்தா ரெஸ்யூமேல கட்டாயம் போடுங்க, பசங்க இத விட்டுடறாங்க. கவர் லெட்டர்ல டிபேட் கப் ஜெயிச்சத விட கடைல கேஷியரா நின்னது, கால் சென்டர்ல திட்டு வாங்கினது, இதெல்லாம் எழுதினா எடுபடும். சம்மர் இடத்துக்கு குளிர்காலத்துலயே அப்ளிகேஷன் போட்டுடுங்க.

எஃப்-1 விசால (ஸ்டூடண்ட் விசா) இருக்கறவங்க, ஆஃபர் லெட்டர் வந்ததும் "சம்பளம் இல்லல்ல, அப்ப பரவால்ல"ன்னு நீங்களே முடிவு பண்ணி வேலைல சேந்துடாதீங்க. முதல்ல உங்க காலேஜ் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல போய் சிபிடி (படிக்கும்போதே படிப்பு சம்பந்தமா வேலை பாக்கற அனுமதி) வேணுமான்னு கேளுங்க, வேணும்னா அது கைல வந்தப்புறம்தான் முதல் நாள் வேலைக்கு போகணும்.