அம்பாசமுத்திரத்து லேப்டாப்பும் பதின்மூன்றாம் சானலும்

"எய்யா, லேப்டாப்புல நெட்டு செத்துப்போச்சு. காலையில கிளாஸ் இருக்கு."

அம்பாசமுத்திரத்திலிருந்து அத்தையின் குரல், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அத்தை தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் குடும்பம் டல்லாஸில் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஆறரைக்கு, அதாவது அங்கே வெள்ளி இரவு எட்டுக்கு, பேரனுக்கும் அவன் சேக்காளிகளுக்கும் வீடியோவில் தமிழ் எழுத்து சொல்லித்தருகிறார். போனிலேயே நடத்தலாம்தான். ஆனால் பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கிக் காட்டும்போது ணகரத்துக்கு எத்தனை சுழி போட்டிருக்கிறார்கள் என்று சின்னத் திரையில் தெரியாது. லேப்டாப் மகன் அமெரிக்காவில் பயன்படுத்தியது. புதுசு வாங்கியதும் பழசை இங்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

"அவன்கிட்ட கேக்கலையா?"

"அவன் கத்துவான்யா."

நான் கணினித் துறையில் இருப்பவன். ஆனால் அலுவலகத்தில் கற்ற எதுவும் இந்த மாதிரி வேலைக்கு அப்படியே உதவாது. எதிரில் இருப்பவரின் கண்தான் நம் கண், அவர் கைதான் நம் கை. "செட்டிங்ஸுக்குப் போங்க, அதை அமுக்குங்க, இதை அமுக்குங்க" என்று ஆரம்பித்தால் மூன்றாவது அமுக்கிலேயே ஆள் வேறெங்கோ போயிருப்பார். அதனால் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்: நான் சொல்லும்வரை எதையும் தொடக்கூடாது, திரையில் இருப்பதைப் பாடம் வாசிப்பது போல வாசித்தால் போதும். டீச்சருக்கு இது கைவந்த கலை.

முதல் கேள்வி லேப்டாப்பைப் பற்றியே அல்ல. "உங்க போன்ல வைஃபை வருதா?" வருகிறது என்றார். அதை நான் உடனே நம்பவில்லை. வைஃபை படுத்துவிட்டால் போன் சத்தமில்லாமல் சிம் கார்டின் டேட்டாவுக்குத் தாவிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. டேட்டாவை அணைக்கச் சொல்லி மறுபடி பார்த்தோம். அப்போதும் யூடியூப் ஓடியது. வைஃபை டப்பாவில், வெளியிலிருந்து இணைப்பு வருவதைக் காட்டும் 'பான்' விளக்கு நிதானமாக எரிகிறது, 'லாஸ்' விளக்கு எரியவில்லை. 'லாஸ்' சிவப்பாக மினுக்கினால் கண்ணாடி இழை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது என்று அர்த்தம். லேப்டாப்பை எவ்வளவு நோண்டினாலும் பிரயோஜனமில்லை, இணைப்பு கொடுத்தவர்களைக் கூப்பிட வேண்டியதுதான். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. வீட்டுக்குள் நெட் வருகிறது. லேப்டாப்புக்கு மட்டும் போகவில்லை. பாதிப் பிரச்சினை இதிலேயே கழிந்தது.

அடுத்து, அத்தை ஆசைப்பட்டார் என்று வீடியோ காலில் லேப்டாப் திரையைக் காட்டச் சொன்னேன். முதலில் அத்தையின் தாடை தெரிந்தது. பிறகு மின்விசிறி. கேமராவைத் திருப்பிய பிறகு திரை முழுக்க அலை அலையாகக் கோடு. இந்த வேலைக்கு வீடியோ கால் லாயக்கே இல்லை என்பது என் முடிவு. ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் எழுத்து பளிச்சென்று தெரியும், பெரிதாக்கியும் பார்க்கலாம். பேசுவதற்கு மாமாவின் பட்டன் போன், போட்டோவுக்கு அத்தையின் போன் என்று பிரித்துக்கொண்டோம். மாமா ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உதவிக்கு அல்ல, வேடிக்கை பார்க்க.

திரையின் வலது கீழ் மூலையில் விசிறி மடிப்பு மாதிரி வைஃபை படம் இருக்க வேண்டிய இடத்தில் பூமி உருண்டை இருந்தது. எங்கும் இணையவில்லை என்று அர்த்தம். விமானப் படம் இருந்திருந்தால் வேலை சுலபம்: தெரியாமல் ஃப்ளைட் மோடு பொத்தானை அமுக்கியிருப்பார்கள், இன்னொரு முறை அமுக்கினால் தீர்ந்தது. அப்படி இல்லை. உருண்டையைத் தொட்டதும் பட்டியல் விரிந்தது.

"வாசிங்க அத்தை."

"எதிர்வீட்டுப் பேரு இருக்கு. மாடி வீட்டுப் பேரு இருக்கு. ஒரு கடைப் பேரு இருக்கு. நம்ம பேரத்தான் காணோம்."

இந்த ஒரு வரிக்காகத்தான் வாசிக்கச் சொன்னது. பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது என்றால் லேப்டாப்பின் வைஃபை கார்டு உயிரோடு இருக்கிறது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் ஓடுகிறது. நான்கு அடி தூரத்தில் இருக்கும் சொந்த டப்பா மட்டும் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த இடத்தில் பலரும் சொல்லும் வைத்தியம்: டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போடு, நெட்வொர்க் ரீசெட் கொடு, கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை அடி, ஒன்றும் நடக்காவிட்டால் ஃபார்மட் செய். தொலைவில் இருக்கும் ஆளிடம் டிரைவரை அழிக்கச் சொல்வதை நான் எப்போதும் தவிர்ப்பேன். திரும்பி வராவிட்டால் அதை இறக்கிக்கொள்ளவும் நெட் வேண்டும். ரீசெட் கொடுத்தால் சேமித்து வைத்த பாஸ்வேர்டெல்லாம் போகும். கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது.

அதனால் ஒரு சோதனை. அத்தையின் போனில் டேட்டாவை மறுபடி போட்டு, ஹாட்ஸ்பாட்டை இயக்கச் சொன்னேன். அதன் அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் உறுதி செய்துகொண்டேன். பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு அது மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. (வைஃபை பெயரின் வாலில் '5ஜி' என்று இருப்பது இந்த 5 கிகாஹெர்ட்ஸ்தான். செல்போன் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைக் கேட்டு மாமாவுக்கு ஏமாற்றம்.) போனின் பெயர் லேப்டாப் பட்டியலில் வந்தது. பாஸ்வேர்ட் அடித்தார். 'கனெக்டட்' என்று காட்டியது. "வந்துட்டு! வந்துட்டு!" என்று இருவரும் ஒரே குரலில்.

அடுத்த நொடி: "எய்யா, எதும் தொறக்க மாட்டேங்குது. சிவப்பா என்னமோ எழுதிருக்கு."

"வாசிங்க."

"யுவர் க்ளாக் இஸ் பிஹைண்ட்."

அதாவது கடிகாரம் பின்னால் இருக்கிறதாம். எத்தனை மணி காட்டுகிறது என்று கேட்டேன். மணியை விடு, தேதியைப் பாரு என்று போட்டோ அனுப்பினார். லேப்டாப் 2013 ஜனவரி 1ஆம் தேதியில் உட்கார்ந்திருந்தது.

ஆக, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கோளாறுகள். ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் இரண்டும் பின்னிக்கொண்டு ராத்திரி முழுக்க ஆட்டம் காட்டியிருக்கும்.

தேதி தப்பானால் நெட் ஏன் திறக்காது என்று அத்தை கேட்டார், நியாயமான கேள்வி. பூட்டுப் படம் போட்ட ஒவ்வொரு இணையதளமும் உள்ளே நுழையும்போது ஒரு சான்றிதழைக் காட்டும். பஸ் பாஸ் மாதிரி இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2013இல் உட்கார்ந்துகொண்டு இந்த வருடத்துச் சான்றிதழைப் பார்த்தால் அது இன்னும் தொடங்கவே இல்லை. பிரவுசர் போலி என்று கதவைச் சாத்திவிடும். விண்டோஸ் மட்டும் எப்படி 'கனெக்டட்' என்றது? இணைய இருப்பைச் சோதிக்க அது தட்டிப் பார்ப்பது சான்றிதழ் தேவைப்படாத ஒரு சாதாரணப் பக்கத்தை. அதனால்தான் கீழே எல்லாம் நலம் என்றும் மேலே எதுவும் திறக்காமலும் இருக்கும் இந்த முரண்பாடு.

"லேப்டாப் போடும்போது கறுப்புத் திரையில எதும் எழுத்து வருமா?"

"ஆமா, தேதி சரியில்லைன்னு வரும். எஃப்-1 அமுக்கச் சொல்லும். அமுக்கினா போயிரும்."

"எப்பலேந்து?"

"அது வந்து கெடக்கு கொஞ்ச மாசமா. கரண்டு போயிட்டு வந்தா வரும். இன்னைக்குக்கூட வந்துச்சே. காலையிலேந்து நாலு மணி வரை கரண்டு கட்டுல்லா."

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. அத்தைக்கு அது சொல்ல வேண்டிய செய்தியாகவே தோன்றவில்லை. ஊரில் மாதாமாதம் நடப்பதுதானே. ஆனால் எனக்கு அதில்தான் எல்லாமே இருந்தது. லேப்டாப்பின் பெரிய பேட்டரி எப்போதோ போய்விட்டது, பிளக்கில் இருந்தால்தான் ஓடும். உள்ளே தேதியைக் காத்துக்கொண்டிருக்கும் நாணயம் அளவுச் செல்லும் தீர்ந்திருக்கிறது. இரண்டும் இல்லாததால் கரண்ட் போனதும் தேதி பிறந்தநாளுக்கே போய்விடுகிறது. சில நிமிட வித்தியாசம் என்றால் விண்டோஸ் இணையத்தில் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். வருடக் கணக்கில் விலகியிருந்தால் பல சமயம் அதனால் முடிவதில்லை.

கடிகாரத்தின்மேல் வலது கிளிக் செய்வதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. தொடுபலகையின் வலது கீழ் ஓரத்தை அமுக்க வேண்டும் என்று புரிந்த பிறகு தேதி, மணி இரண்டையும் அத்தையே மாற்றினார். நேர மண்டலத்தையும் பார்க்கச் சொன்னேன். நினைத்தபடியே அமெரிக்கக் கணக்கில் இருந்தது. பட்டியலில் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி' என்ற வரியைத் தேர்ந்து, மணியை மறுபடி சரிபார்த்ததும் ஹாட்ஸ்பாட்டில் எல்லாப் பக்கமும் திறந்தன.

மிச்சம், காணாமல் போன வீட்டு வைஃபை. எனக்குள் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்ததும் வைஃபை டப்பாவும் புதிதாக எழுந்திருக்கிறது. வைஃபை அலைவரிசைக்குள் எண் போட்ட தனித்தனிப் பாதைகள் உண்டு, அவைதான் சானல்கள். சானல் 'ஆட்டோ'வில் இருந்தால் எழும்போது கூட்டமில்லாத சானலாகப் பார்த்துப் பிடிக்கும். நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 13 வரை புழக்கத்தில் உண்டு. அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான். அங்கே விற்ற பழைய கார்டுகள் சில 12, 13 பக்கம் திரும்பியே பார்க்காது.

டப்பாவுக்குள் நுழைய அத்தையின் போன் போதும். டேட்டாவையும் ஹாட்ஸ்பாட்டையும் அணைத்து, போனை வைஃபையில் சேர்த்து, பிரவுசரில் 192.168.1.1 அடிக்க வேண்டும். எண்களுக்கு நடுவே அத்தை இடம் விட்டு அடித்ததில் கூகுள் தேடல் வந்து நின்றது. இடமில்லாமல் புள்ளி மட்டும் என்றதும் சரியாகிவிட்டது. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் டப்பாவின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில். மாமாவுக்கு அப்போதுதான் வேலை வந்தது: டப்பாவைக் கவிழ்த்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பெரிய எழுத்து 'ஐ'யா, சின்ன எழுத்து 'எல்'லா என்று இருவருக்கும் ஒரு சின்னச் சண்டை.

உள்ளே 'டபிள்யூலேன்', அதில் 2.4ஜி, அதில் 'அட்வான்ஸ்டு'. ஸ்கிரீன்ஷாட் வந்தது. சானல்: ஆட்டோ. இப்போது ஓடுவது: 13.

1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றைப் போடுவதுதான் நல்லது. சானல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனால் ஒரு வைஃபை குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் 3, 4 என்று நடுவில் போட்டால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களோடும் மோதும். ஆட்டோவை எடுத்துவிட்டு 6 போடச் சொன்னேன். 'அப்ளை' அமுக்கியதும் போனில் வைஃபை அறுந்தது. அத்தை பதறினார். அது அப்படித்தான், ஒரு நிமிஷம் பொறுங்க என்றேன்.

"எய்யா, நம்ம பேரு வந்துட்டு. முதல் ஆளா நிக்கி."

மறுநாள் கிளாஸ் நடந்தது. செல்லை மாற்றும்வரை கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதியைக் கையால் திருத்த வேண்டும் என்பதைப் படம் வரைந்து நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். வீட்டில் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் கறாராகச் சொன்னேன்; சில லேப்டாப்புகளில் அந்தச் செல் ஒயரோடு சேர்ந்து வரும், அதே மாதிரி பார்த்து வாங்க வேண்டும். மாமா அதைக் கடைக்குக் கொண்டுபோனார். ஃபார்மட் செய்து புது பேட்டரியும் போட்டால்தான் சரியாகும் என்றார்களாம். செல் மட்டும் போதும் என்று மாமா நின்ற இடத்திலேயே நின்று மாற்றி வாங்கி வந்துவிட்டார்.

அடுத்த மின்தடை முடிந்த சாயங்காலம் அத்தை கூப்பிட்டார். நெட் வருகிறதா என்றேன். வருகிறது, அதைப் பற்றி இல்லை.

"போட்டதும் நேரா உள்ள போயிருதுய்யா. எஃப்-1 கேக்கவே மாட்டேங்குது. எதும் கெட்டுப்போச்சா?"