நாசிக்கில் மலிவு விலை சிவப்பு ஒயின்: ருசிக்கும் முறை, வாங்கும் முறை

நாசிக் சிவப்பு ஒயின் 'தொண்டை எரியுது' என்று ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் அதை 28, 30 டிகிரிச் சூட்டில் குடித்தவர்கள். 'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி' என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்குச் சொன்னது. நம் ஊர் அறையில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும்; பழ வாசனை அதன் அடியில் அமுங்கிவிடும். 16 முதல் 18 டிகிரிதான் சரி. ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அல்லது ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வைத்தால் போதும். ஒயின் ஆலைகளில் ருசி பார்க்க வைத்திருக்கும் டேஸ்டிங் ரூமிலும் கிளாஸ் கைக்குச் சூடாகத் தெரிந்தால் பாட்டிலைக் குளிர வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

கங்காபூர் அணைக்குப் பக்கத்தில் இருக்கும் சுலா ஒயின் ஆலை, விலை குறைந்த சிவப்பு ஒயின்களை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடம். 2000இல் முதல் ஒயினை வெளியிட்டவர்கள், 2005இல் டேஸ்டிங் ரூம் திறந்தார்கள். உள்ளூர் ஒயினுக்குச் சலுகை தந்த மகாராஷ்டிராவின் 2001ஆம் ஆண்டுக் கொள்கையும் விலை குறைய உதவியது.

சுலாவின் ஒயின்களை ருசிக்கும் வரிசை முக்கியம். முதலில் ஜின்ஃபண்டெல், அடுத்து ஷிராஸ் கேபர்னே, கடைசியில் டிண்டோரி ரிசர்வ் ஷிராஸ் (ஜின்ஃபண்டெல், ஷிராஸ், கேபர்னே எல்லாம் திராட்சை வகைகள்). கடைசியாகச் சொன்னது ஓக் மரப் பீப்பாயில் வைத்தது, சுவை கனம். அதை முதலில் குடித்தால் மற்ற இரண்டும் வெறும் தண்ணீராகத் தெரியும். அது அவற்றுக்குச் செய்யும் அநியாயம். வெள்ளை ஒயினும் ருசிப்பதானால் அது எல்லாவற்றுக்கும் முன்னால்.

ஒரு முறைக்கு 30 முதல் 50 மில்லி போதும். கிளாஸை வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். ஊதா சாயல் இருந்தால் இளசு. செங்கல் நிறம் ஏறியிருந்தால் வயதானது. மலிவு விலை ஒயினில் இந்தச் செங்கல் நிறம் நல்ல அறிகுறி இல்லை. கிளாஸைச் சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றியபின் ஒருமுறை மோந்து பாருங்கள். ஒரு வாய் எடுத்து ஐந்தாறு நொடி நாக்கு முழுக்கப் படவிட்டுத் துப்பிவிடுங்கள். துப்பக் கிண்ணம் வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் விழுங்கினால் நாலாவது கிளாஸுக்குப் பிறகு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

துவர்ப்பு, அதாவது டானின், ஈறில் தெரியும். நாவல்பழம் தின்றபின் வாய் வறளுமே, அதுபோல. வறட்சி மட்டும் நின்று பழச்சுவை மறைந்தால் அந்த ஒயின் ஒல்லி. இரண்டும் சேர்ந்தே அடங்கினால் விலைக்கு மேல் தகும். நாசிக்கில் அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. குளிர் இரவுகள் இருக்கும்வரை பழத்தில் புளிப்பு நிற்கும். வெயில் ஏற ஏறப் புளிப்பு குறைந்து சர்க்கரை கூடும், ஒயினில் ஆல்கஹாலும் கூடும். மந்தமாக, கனமாக, எரிச்சலாக இருக்கும் பாட்டிலுக்கு இதுவும் ஒரு காரணம்.

கெட்டதை அடையாளம் காண மூக்கே போதும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க்கின் கோளாறு. சரிசெய்ய வழியில்லை, வேறு பாட்டில் கேளுங்கள். வினிகர் வாடை அடித்தாலும் அப்படியே. அழுகிய முட்டை வாசனை திருகு மூடி பாட்டில்களில் சில சமயம் வரும். பத்து நிமிடம் காற்றாட விட்டாலோ வெள்ளிக் கரண்டியால் கலக்கினாலோ பெரும்பாலும் போய்விடும். காய்ச்சிய ஜாம் வாடை வந்தால் பாட்டில் எங்கோ வெயிலில் கிடந்திருக்கிறது. கார்க் மேலே தள்ளிக்கொண்டு நின்றால் அந்தச் சந்தேகம் உறுதி.

வாங்கும்போது லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். ஓக் படாத மலிவு சிவப்புக்கு இரண்டு மூன்று ஆண்டுதான் நல்ல காலம். சேமித்து வைத்தால் ருசி ஏறாது, இறங்கும். கடை வாசலில் வெயில் படும் அலமாரியிலிருந்து எடுக்காதீர்கள். கார் டிக்கியில் மதியம் முழுக்க விடவும் கூடாது. வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போவதானால் அங்கே எத்தனை பாட்டிலுக்கு அனுமதி என்பதை முதலில் பாருங்கள்.

வீட்டில் ஷிராஸ் கேபர்னேக்கு மட்டன் சுக்கா பொருந்தும்; கொழுப்பு டானினை மழுப்பும். மிளகாய்க் காரம் அதிகமான குழம்போடு வேண்டாம், ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும். காரமான சாப்பாட்டுக்கு ஜின்ஃபண்டெலை இன்னும் கொஞ்சம் குளிரவைத்து, 14 டிகிரி அளவில் ஊற்றுங்கள். திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்குமேல் மட்டன் வேகும் சட்டியில் ஊற்றிவிடலாம்.