சத்தங்களை அடுக்கி வைக்கிறேன்

ஜனவரி 4, 2025

புது 4 டிபி எஸ்எஸ்டி வந்துவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கிற சாம்பிள் லைப்ரரிகளை (கணினியில் வாசிப்பதற்காகப் பதிவு செய்து வைத்த வாத்திய ஒலிகளின் தொகுப்புகளை) இதற்குக் கொண்டுவந்து ஒழுங்குபடுத்தப் போகிறேன். வீட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் யாருக்காவது உதவும் என்று செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

ஒலிக்கு இவ்வளவு இடமா என்று பலர் கேட்பதுண்டு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. பியானோவில் 30 சுரங்களை 16 விதமான அழுத்தத்தில், ஒவ்வொன்றும் 10 விநாடி ஒலிக்கப் பதிவு செய்தால் 480 துண்டுகள், கிட்டத்தட்ட 1.4 ஜிபி. மூன்று இடங்களில் மைக் வைத்தால் 4 ஜிபியைத் தாண்டிவிடும். ஸ்ட்ரிங்ஸுக்கு லெகாட்டோ, ஸ்டக்காட்டோ, ட்ரெமலோ, பிட்ஸிகாட்டோ என்று வாசிக்கும் முறை ஒவ்வொன்றையும் தனியாக எடுக்க வேண்டும். அப்புறம் கணக்கு எங்கேயோ போய்விடும்.

இவ்வளவையும் ராமில் ஏற்ற முடியாது. 1998-ல் வந்த கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள் இதற்கு ஒரு வழி கண்டது: சுரத்தின் தொடக்கத்தை மட்டும் ராமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்கும்போதே டிஸ்க்கிலிருந்து எடுப்பது. கான்டாக்ட் போன்ற சாம்பிள் வாசிக்கும் மென்பொருள்கள் இன்றும் செய்வது அதைத்தான். அதனால் தினமும் தொடும் ஸ்ட்ரிங்ஸும் பியானோவும் எஸ்எஸ்டிக்குப் போகும். எப்போதாவது எடுக்கும் லூப்கள் (திரும்பத் திரும்ப ஓட்டும் இசைத் துண்டுகள்) பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.

ஜனவரி 5

காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒரே கட்டுப்பாடு: லைப்ரரியின் உள் ஃபோல்டர்களில் கை வைக்கக் கூடாது.

கான்டாக்டில் நாம் திறக்கும் என்கேஐ கோப்பு பெரும்பாலும் மிகச் சிறியது. ஒலி அதில் இருக்காது; எந்த சாம்பிள் எங்கே இருக்கிறது, கீபோர்டில் எந்தக் கீக்கு எது என்ற விவரம்தான் இருக்கும். உள்ளே ஒரு ஃபோல்டரின் பெயரை அழகாக மாற்றினால்கூட, சாம்பிள்களைக் காணவில்லை என்று அது நின்றுவிடும். முழு லைப்ரரியையும் ஒன்றாக நகர்த்திவிட்டு, லைப்ரரிகளை நிர்வகிக்கும் நேட்டிவ் ஆக்சஸ் செயலியில் புது இடத்தைக் காட்டினால் போதும். அந்தச் செயலியின் பட்டியலில் வராத லைப்ரரிகளுக்கு, சாம்பிள்களின் புது இடத்தை என்கேஐ கோப்புகளில் மொத்தமாகத் திருத்திச் சேமிக்கும் பேட்ச் ரீ-சேவ் கான்டாக்டில் இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஜனவரி 7

எப்படி அடுக்குவது? டிஸ்க்கில் நிறுவனத்தின் பெயர்ப்படிதான் அடுக்குகிறேன், அப்டேட் வரும்போது அதுதான் சுலபம். ஆனால் இசையமைக்கும்போது யாரும் நிறுவனத்தின் பெயரை வைத்துத் தேடுவதில்லை. ஒரு காட்சிக்கு அடியில் மெல்லியதாக நீளும் ஸ்ட்ரிங்ஸ் வேண்டும் என்றுதான் மனசு தேடும்.

அதனால் தேடும் பட்டியலை டிஸ்க்கிலிருந்து பிரித்துவிட்டேன். கான்டாக்டின் குயிக்-லோடு என்ற பட்டியலில் நாம் போடுவது சுட்டி மட்டும்தான்; அசல் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே செல்லோ ‘நீளும் சுரம்’, ‘குட்டை வீச்சு’, ‘தனி வாத்தியம்’ என்று மூன்று இடத்திலும் இருக்கலாம். பெரிய சேகரிப்பு வைத்திருக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான்: டிஸ்க்கை விட்டுவிடுங்கள், பட்டியலில் நேரம் செலவழியுங்கள்.

ஜனவரி 8

பேக்கப் மட்டும். வாங்கிய லைப்ரரிகளை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். நானே மைக் வைத்துப் பதிவு செய்தவை போனால் போனதுதான். அவற்றுக்கு இரண்டு நகல், ஒன்று வேறு வீட்டில்.

ஜனவரி 11

நம்ம வாத்தியங்களின் முறை. மேல்நாட்டு லைப்ரரிகளைப் பார்த்துப் பழகிய வகைப்பாடு இங்கே போதாது.

மிருதங்கத்தின் வலந்தலை (வலது முகம்) பாடகரின் சுருதிக்குச் சேர்க்கப்பட்டிருக்கும். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது நம் வழக்கம். 5 கட்டையில் பதிவான சாபு என்ற அடியை 1 கட்டைக்கு மென்பொருளில் இறக்கினால் சுருதி சேரும், ஆனால் தோலின் குணம் போய்விடும். எனவே கோப்பின் பெயரில் முதலில் கட்டை, அப்புறம் அந்த அடியின் சொல்: ‘5 கட்டை – தோம்’, ‘1 கட்டை – நம்’. மேற்கத்திய சுரப் பெயரில் 1 கட்டை சி, 5 கட்டை ஜி. இரண்டையும் எழுதிவிடுகிறேன், கீபோர்டு வாசிப்பவருக்கும் புரியும்.

நாதஸ்வரமும் வீணையும் இன்னும் கஷ்டம். தனித்தனிச் சுரமாக எடுத்த சாம்பிளைச் சேர்த்தால் கமகம் (சுரத்தின் அசைவு) வராது. தோடி ராகத்தில் காந்தாரம் நிற்கிற சுரமே இல்லை, அசைவுதான் அது. ஆகவே முழுச் சங்கதியாக (தொடர்ந்து வாசித்த ஒரு இசைத் தொடராக) பதிவானவற்றை ராகத்தின் பெயரில் தனி ஃபோல்டராக வைக்கிறேன், கட்டையும் காலப்பிரமாணமும் (வேகமும்) சேர்த்து. ஒற்றைச் சுரங்கள் பின்னணிக்கு மட்டும்.

ஜனவரி 18

ஒரு குறும்படத்தின் பின்னணி இசையை இந்த அமைப்பில் செய்து முடித்தேன். தேட வேண்டியிருக்கவே இல்லை. மனதில் வந்த ஒலி மறைவதற்குள் கை அதற்குப் போய்ச் சேர்ந்தது. இத்தனை நாள் உழைப்பு இதற்காகத்தான்.

பாக்கி இருப்பது கடம். மானாமதுரைக் கடத்தில் எடுத்த பதிவுகள் ஒரே நீளக் கோப்பாகக் கிடக்கின்றன. கடத்தின் சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது என்பதால் எந்தக் கடம், எத்தனை கட்டை என்பதை வாசித்தவரிடமே கேட்டு எழுத வேண்டும். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.