தேக்குத் தூண்

காலையில் மதுரை தெற்கு மாசி வீதி சந்து ஒன்றில் வழி அடைத்துக் கிடந்தது. பழைய வீடு ஒன்றை இடித்து, குட்டியானை வண்டியில் தேக்குத் தூண் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

தூணில் ஒரு இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. திண்ணையில் உட்கார்ந்தவர்கள் முதுகு சாய்த்துச் சாய்த்தே ஏறிய மெருகு.

"சுண்ணாம்புச் சுவருண்ணே, கடப்பாரையே வழுக்குது" என்றார் இடிப்பவர்.

வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. நாலு பங்காளி, ஒழுகுகிற கூரை.

மதுரையே இடித்து வளர்ந்த ஊர்தான். ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்த பிறகுதான் வெளி வீதிகள் வந்தன. அந்த வேலையில் இருந்தவர்கள் பெயர்தான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி.

சரி, திண்ணையையும் முகப்பையும் விட்டுவிட்டுப் பின்னால் மாடி எடுக்கலாமே?

கேட்டேன்.

"அப்ப கார் எங்கண்ணே நிறுத்துறது?"

தூணை ஒருமுறை தொட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.